எவோவை விடுங்கள், முதலில் ஒரு லான்சர் தாருங்கள்

மிட்சுபிஷி ஏதாவது ஒரு கண்காட்சிக்கு முன்னால், இருட்டில் ஒரு விளக்கின் ஓரத்தை மட்டும் காட்டிப் படம் வெளியிட்டால் போதும். எனக்குத் தெரிந்த லான்சர்காரர்களுக்கு அது வெறும் வாயை மெல்லுபவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. "எவோ பதினொன்று வருதாம் மச்சான், இந்த முறை உண்மையாம்" என்று வெள்ளவத்தையிலிருந்து ஒருவன் அழைப்பான். எவோ என்றால் லான்சர் எவொலூஷன், லான்சரின் ரலிப் பந்தய அவதாரம். கொட்டாஞ்சேனைக்காரன் அதற்குள் அந்த விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, இது செடான்தான் என்று முடிவே கட்டியிருப்பான். பிறகு திரை விலகும். உள்ளே நிற்பது இன்னொரு எஸ்யூவி.

கடைசி எவோ 2016இல் முடிந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. 2017இல் இக்லிப்ஸ் கிராஸ் வந்தபோது கோபம் உச்சத்துக்குப் போனது. இக்லிப்ஸ் என்பது 1989இல் வந்த தாழ்வான, இரண்டு கதவுக் கூபே. அந்தப் பெயரை எடுத்து உயரமான ஒரு குடும்ப வாகனத்தில் ஒட்டிவிட்டார்கள். ஐரோப்பாவில் கதை இன்னும் மோசம். அங்கே 2023இலிருந்து விற்ற கோல்ட் என்ற சின்னக் கார், உள்ளும் புறமும் ரெனோ கிளியோ. ஏஎஸ்எக்ஸ் என்று விற்றது ரெனோ கப்சர். முன்னால் மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னம், மற்றதெல்லாம் பிரான்ஸ்காரன் வேலை.

இதையெல்லாம் வைத்து நண்பர்கள் எப்போதும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: மிட்சுபிஷி மறுபடியும் எவோ செய்ய வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவோவை இப்போதே கேட்பது தலைகீழாகக் கேட்பது. லான்சர் என்ற சாதாரணக் கார் இருந்ததால்தான் எவோ பிறந்தது. அந்தத் தாயே இல்லாமல் பிள்ளையை மட்டும் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

கொழும்பில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஊரில் லான்சர் ஒருகாலமும் விளையாட்டுக் கார் என்று அறியப்படவில்லை. அது வங்கி உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், சின்ன வியாபாரி ஆகியோரின் கார். எண்பதுகளின் பொக்ஸ் லான்சர், அப்புறம் தொண்ணூறுகளின் சீபீ, சீகே, இரண்டாயிரத்துக்குப் பிறகு சீஎஸ், கடைசியாக லான்சர் ஈஎக்ஸ் என்று, ஒவ்வொரு தலைமுறையும் அதன் மாடல் குறியீட்டுப் பெயரோடு இங்கே வந்து இறங்கியது. ஒரு வீட்டில் அப்பா சீகே வைத்திருப்பார், 1.3 அல்லது 1.5 எஞ்சின், பின்சீற்றில் வெள்ளை உறை, பின்கண்ணாடி ஓரத்தில் கடதாசிப் பெட்டி. அதே வீட்டுப் பையன், அப்பா தூங்கிய பிறகு அதே காரை மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்திருப்பான். அந்தக் காரில் வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டியரிங் கையோடு பேசும். பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் கினிகத்தேனைப் பக்கம் ஏறும் வளைவுகளில் அதே விலைக் கார்கள் சில தடுமாறும் இடத்தில் சீகே பேசாமல் திரும்பிவிடும். பையனுக்குப் பித்துப் பிடித்தது அங்கேதான். அவனுடைய அறைச் சுவரில் எவோ படம் ஏறியது அதற்குப் பிறகு.

இந்த வரிசையை மிட்சுபிஷி மறந்துவிட்டது என்பதுதான் என் குறை.

கம்பனியின் சொந்த வரலாறும் இதைத்தான் சொல்கிறது. லான்சர் 1973இல் வந்தது. அடுத்த வருடமே கென்யாவில் ஜொகிந்தர் சிங் லான்சர் 1600 ஜிஎஸ்ஆரில் சஃபாரி ரலியை வென்றார். 1976இல் மறுபடியும் அவரே. அந்த வருடம் முதல் மூன்று இடமும் லான்சருக்கு. தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர் ஆபிரிக்கச் சேற்றில் ஐரோப்பியத் தொழிற்சாலை அணிகளை மண் கவ்வ வைத்தார் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேராத கதை. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது, அந்தக் கார் அடிப்படையில் கடையில் விற்ற ஒரு சின்னக் குடும்பக் கார் என்பதை மட்டும்தான்.

எவோவும் அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலக ரலியில் மிட்சுபிஷி ஓட்டியது கலன்ட் விஆர்-4. அது பெரியது, பாரமானது. குரூப் ஏ விதிப்படி, போட்டியில் ஓட்டும் காரை 2,500 எண்ணிக்கையில் பொதுமக்களுக்குச் செய்து விற்றிருக்க வேண்டும். ஆகவே கலன்டின் 4ஜி63 டர்போ எஞ்சினையும் நாலு சில்லு இழுவையையும் எடுத்துச் சின்ன லான்சருக்குள் திணித்தார்கள். 1992இல் முதல் எவோ வந்தது: இரண்டு லீட்டர், 250 குதிரைவலு, 1,240 கிலோ. விற்குமா என்ற பயத்தோடு செய்த 2,500 காரும் சில நாட்களிலேயே தீர்ந்துவிட்டன. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடம் டொமி மக்கினன் சம்பியன், 1998இல் தயாரிப்பாளர் பட்டமும் மிட்சுபிஷிக்கு.

எவோவுக்குள் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். கதவைச் சாத்தினால் மலிவான தகரச் சத்தம். டாஷ்போட் அப்படியே சாதாரண லான்சருடையது, கடினமான சாம்பல் நிறப் பிளாஸ்டிக். காசு முழுவதும் எஞ்சினிலும், சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலும், பிரேக்கிலும் போயிருக்கும். அதுதான் அதன் அழகே. வருடத்துக்கு லட்சக்கணக்கில் விற்ற ஒரு குடும்பக் காரின் கூடும் கதவும் கண்ணாடியும் இனாமாகக் கிடைத்ததால், மிச்சப் பணத்தைப் பொறியியலாளர்கள் வேண்டிய இடத்தில் கொட்ட முடிந்தது. 2001இல் கம்பனி உலக ரலியில் வேறு விதிக்கு மாறியதும், 2,500 கார் செய்து விற்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 2007இல் வந்த எவோ பத்து 1,500 கிலோவைத் தாண்டியது, விலையும் ஏறியது. நல்ல கார்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காக அதைச் செய்கிறோம் என்ற தெளிவு அதில் இல்லை. 2015இல் ஜப்பானுக்கென்று ஆயிரம் கார் மட்டும் செய்து கடைசிப் பதிப்பு என்று விற்றார்கள். லான்சரும் 2017இல் பெரும்பாலான சந்தைகளில் நின்றது.

இதற்கு நடுவில் கம்பனி பட்ட அடிகளையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நம் ஆசைகள் அந்தரத்தில் தொங்கும். 2000இல், பல வருடங்களாக வாகனக் குறைபாடுகளை அரசிடம் மறைத்தது வெளியே வந்தது. 2004இல் பெரிய பங்காளியான டைம்லர் கிரைஸ்லர் இனிமேல் காசு போட மாட்டோம் என்று கையை விரித்தது. 2016இல் எரிபொருள் சிக்கனக் கணக்குகளைத் திரித்தது பிடிபட்டது. நிசானுக்குச் செய்து கொடுத்த சின்னக் கார்களும் அதில் சேர்த்தி என்பதால், கண்டுபிடித்ததும் நிசான்தான். பங்கு விலை விழுந்த அந்த நேரத்தில் 34 வீதத்தை வாங்கிக் கட்டுப்பாட்டை எடுத்ததும் நிசான்தான். 2020ஆம் நிதியாண்டில் 31,200 கோடி யென் நட்டம். ஜிஃபுவில் பஜேரோ செய்த தொழிற்சாலையை மூடினார்கள். 2023இல் சீனாவில் உற்பத்தியைக் கைவிட்டார்கள். 2024 கடைசியில் நிசானே காசுக்குத் திண்டாடி, கையிலிருந்த பங்கில் சுமார் பத்து வீதத்தைத் திருப்பி விற்றது.

இந்த நிலையில் இருக்கும் ஒரு கம்பனியிடம் போய் 400 குதிரைவலு நாலு சில்லு இழுவைச் செடான் செய் என்று கேட்டால், செய்ய மாட்டார்கள். செய்தாலும் நமக்கு எட்டும் விலையில் செய்ய மாட்டார்கள். அவர்கள் ஏதோ நம்மைப் பழிவாங்குவது போல நண்பர்கள் பேசுவதுதான் எனக்குப் புரிவதில்லை. இந்தோனேசியாவில் எக்ஸ்பேண்டர் என்ற குடும்ப வாகனமும் தாய்லாந்தில் ட்ரைட்டன் பிக்கப்பும் சோறு போடுகின்றன. எஸ்யூவி செய்யாதே என்று சொல்ல நாம் யார்? கொழும்பிலேயே மொன்டெரோ என்று நாம் சொல்லும் பஜேரோவுக்கும் அவுட்லாண்டருக்கும் இருக்கும் மவுசு எவோவுக்கு இருந்ததில்லை.

சரி, அப்படியானால் என்னதான் கேட்கலாம்?

நான் கேட்பது ஒரு சின்னக் கார். நாலு கதவோ ஐந்து கதவோ, அது முக்கியமில்லை. எடை 1,100 கிலோவுக்குப் பக்கத்தில். 1.3 அல்லது 1.5 லீட்டர் டர்போ, 150 குதிரைவலு கிடைத்தால் தாராளம். விரும்புபவனுக்கு கை கியர். ரெனோ, நிசானோடு இருக்கும் கூட்டணியில் யாருடைய தளத்தில் செய்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் ஜப்பானின் ஒகசாக்கியில் இருக்கும் இவர்களுடைய ஆட்களே இருந்து சரிசெய்ய வேண்டும். ரெனோவில் சின்னம் மட்டும் மாற்றி அனுப்பும் வேலை கூடாது.

இது கற்பனை என்று நினைப்பவர்கள் 2006இல் மிட்சுபிஷியின் பந்தயப் பிரிவான ரலிஆர்ட்டின் பெயரோடு வந்த கோல்ட் ரலிஆர்ட் வேர்ஷன் ஆரைப் போய்ப் பார்க்கலாம். பெண்களும் வயதானவர்களும் கடைக்குப் போக வாங்கிய உருண்டைக் கோல்ட்தான் அது. அதற்குள் 1.5 லீட்டர் டர்போ, 154 குதிரைவலு, ஐந்து கியர், 1,100 கிலோவுக்குச் சற்று மேல். உடல் முறுக்காமல் இருக்கக் கூடுதல் இடங்களில் வெல்டிங். அதாவது கணக்குப் போடத் தெரிந்த யாரோ ஒருவர், குறைந்த காசில், இருக்கும் காரிலிருந்து எடுத்த வேலை. அதற்கும் முன்னால் தொண்ணூறுகளில் மிராஜ் சைபோர்க் இருந்தது. லான்சர் எம்ஆர் இருந்தது. டர்போ இல்லாமலே 1.6 லீட்டர் மைவெக் எஞ்சின் 175 குதிரைவலு தந்தது. இவற்றுக்கு உலகக் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை, போஸ்டரும் கிடையாது. ஆனால் இன்றைக்கு கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் சீகே கூட்டுக்குள் போட எஞ்சின் தேடும் பையன்கள் கேட்பது அந்த மைவெக்கைத்தான். காசு கொஞ்சம் கூட இருந்தால் 1.8 டர்போ.

டொயோட்டா என்ன செய்தது என்று பாருங்கள். செலிக்கா ஜிடி-ஃபோர் 1999இல் முடிந்த பிறகு, இருபது வருடம் அவர்களிடம் ரலிக்கென்று செய்த நாலு சில்லு இழுவை டர்போக் கார் எதுவும் இல்லை. 2020இல் ஜிஆர் யாரிஸ் வந்தது. பெயர் யாரிஸ், நம் ஊரில் விட்ஸ். ரலிக்காக மூன்று கதவுக் கூடு தனியாகச் செய்தார்கள், மூன்று சிலிண்டர் எஞ்சின் புதிதாகச் செய்தார்கள். அதைச் செய்யும் பணம் டொயோட்டாவிடம் இருந்தது, மிட்சுபிஷியிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடங்கிய இடம் சந்தையில் நன்றாக விற்ற ஒரு சின்னக் கார்தான். சுசூக்கி அதைவிடக் குறைந்த காசில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் செய்து காட்டியது. 1.4 டர்போ, 970 கிலோ. காலி வீதியில் ஒரு மஞ்சள் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போனால் இன்றைக்கும் ஓட்டோக்காரர் முதற்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ரலிஆர்ட் பெயர் 2021இல் திரும்ப வந்தது. கேட்டதும் சந்தோஷப்பட்டோம். வந்தது என்னவென்றால் பஜேரோ ஸ்போர்ட்டுக்கும் ட்ரைட்டனுக்கும் பக்கவாட்டில் ஒட்டும் சிவப்புக் கறுப்புப் பட்டையும், சில்லுக்குப் பின்னால் தொங்கும் சிவப்பு மட்கார்டும். எஞ்சினில் ஒரு குதிரைவலு கூடவில்லை. மட்கார்ட் தெல்கந்தவில் இதைவிட நல்லதாகக் கிடைக்கும். ஆனால் நியாயமாகச் சொன்னால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடுத்த வருடமே ட்ரைட்டனை எடுத்துக்கொண்டு போய் ஆசிய குரொஸ்கன்ட்ரி ரலியை வென்றார்கள். அணிக்குத் தலைமை தாங்கியவர் 2002, 2003இல் டக்கார் பாலைவன ரலியை வென்ற ஹிரோஷி மசுஓக்கா. அவரைப் போன்ற ஆள் இன்னும் கம்பனிக்குள் இருக்கும்வரை வேலை தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேலை இன்னும் இருக்கிறது என்பதற்கு அவுட்லாண்டர் பீஎச்ஈவியே, அதாவது மின்செருகி ஏற்றும் ஹைபிரிட்டே சாட்சி. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், எந்தச் சில்லுக்கு எவ்வளவு விசை போக வேண்டும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போடும் எஸ்-ஏடபிள்யூசி. அந்தக் கணக்கு பிறந்தது எவோவில். 1996இல் எவோ நாலில் முதன்முதலாகப் பின் டிஃபரன்ஷியலில் இடம் வலமாக விசை மாற்றிக் கொடுத்தார்கள். நண்பர் ஒருவரின் பீஎச்ஈவியை மழை நாளில் ஹட்டன் வீதியில் ஓட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு தொன் எடை, உட்கார்ந்திருப்பது மேல்மாடியில். ஆனாலும் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் வெளியே ஓடாமல் உள்ளே இழுக்கிறது. யாரோ பழைய ஆள் உள்ளே இருக்கிறார் என்று தோன்றியது.

கொழும்பிலிருந்து கேட்கும்போது இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானில் இருப்பவன் குதிரைவலுவைப் பார்ப்பான், நாம் முதலில் சீசீயைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தபோது வந்த வரியைப் பார்த்ததும் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கலால் வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. கொள்ளளவு ஏற ஏற ஒவ்வொரு சீசீக்கும் கட்டும் காசும் ஏறும். அதற்கு மேல் சுங்கம், அதற்கு மேல் 18 வீத வற். பாவித்த கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஜப்பான் ஏலத்தில் நல்ல எவோ ஒன்று சும்மா கிடைத்தாலும் இங்கே கொண்டுவர வழியில்லை. இரண்டு லீட்டர் டர்போவில் புது எவோ வந்தாலும், அது கொழும்பு ஏழில் ஒரு கராஜுக்குள் துணி போர்த்தி நிற்கும், அவ்வளவுதான். ஒன்றரை லீட்டருக்கு மேல் போகாத ஒரு டர்போக் காரை, லீசிங் போட்டாவது வாங்கலாம். லீசிங் வட்டியைப் பற்றித் தனியாக அழலாம், இப்போது வேண்டாம்.

இனி ஒரு கோரிக்கை. புது மாடலைவிட எனக்கு இது முக்கியம்: உதிரிப்பாகம்.

நண்பர் ஒருவரிடம் எவோ மூன்று இருக்கிறது. ஒருநாள் எஞ்சின் தாறுமாறாக ஓடத் தொடங்கியது. பிளக் மாற்றினார், கொயில் மாற்றினார், பெற்றோல் பம்ப் மாற்றினார். கடைசியில் இரத்மலானையில் ஒரு பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், கால் வைக்கும் பக்கத்துக் கம்பளத்தை விலக்கி, கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். "மணத்திப் பாருங்க" என்று எங்களிடமும் நீட்டினார். கருவாடு மணம். தொண்ணூறுகளின் தொடக்கத்து மிட்சுபிஷிகளில் இது தெரிந்த வியாதி: பலகையில் இருக்கும் சின்னக் கபாசிட்டர்கள் வயதாகி ஒழுகி, அந்தத் திரவம் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். மணமும் அதிலிருந்துதான். பாஸ் அதை ஒரு தொலைக்காட்சி திருத்துபவரிடம் கொண்டு போகச் சொன்னார். அவர் பழைய கபாசிட்டர்களை எடுத்து, பச்சை பிடித்த இடத்தைப் பல்துலக்கியால் சுத்தம் செய்து, அறுந்த கோட்டுக்கு முடி போன்ற ஒரு கம்பியைப் பற்றவைத்துப் புதியவை போட்டார். செலவு ஒரு பின்னேரச் சாப்பாட்டுக் காசு. கார் ஓடியது.

இந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. இல்லாதது, திறமையால் செய்ய முடியாத சாமான்கள். கதவு ரப்பர், முன்கண்ணாடிச் சுற்றுப்பட்டி, வயரிங் செட், பின் டிஃபரன்ஷியலின் உள்சாமான். பஞ்சிகாவத்தையில் இவற்றைக் கேட்டால் முதலில் சிரிப்பு, பிறகு விலை. வெட்டிக் கொண்டுவந்த கார்களிலிருந்து கழற்றியது. அதுவும் முப்பது வயதைத் தொடும் ரப்பர்.

நிசான் 2017இல் ஆர்32 ஜிடி-ஆருக்குப் பழைய சாமான்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. டொயோட்டா சூப்ராவுக்குச் செய்கிறது. மஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டரைத் தொழிற்சாலையிலேயே எடுத்துப் புதுப்பித்துக் கொடுத்தது. எல்லாம் புது மாடல் ஒன்றுக்கு ஆகும் செலவில் தூசு. மிட்சுபிஷியும் எவோவுக்கும், கூடவே சாதாரண சீகே, சீஎஸ் கார்களுக்கும் இப்படி ஒரு பட்டியலைத் திறந்தால், கொழும்பு மட்டுமில்லை, கிங்ஸ்டனிலும் நைரோபியிலும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். விற்பனைக்கு ஒரு காரும் இல்லாத சந்தையில்கூட பெயரை உயிரோடு வைத்திருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பந்தயத்தைப் பற்றியும் ஒன்று. எவோவை இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் பார்த்தது வீதியில் அல்ல. கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதையிலும், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லிலும், நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றத்திலும்தான். மஹகஸ்தோட்டை 1934இல் தொடங்கியது, தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பொழுதுபோக்காக. இன்று வேலிக்கு வெளியே நின்று கத்துபவர்களில் பாதிப்பேர் அதே தோட்டங்களின் பிள்ளைகள். ஆனால் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்த பிறகு, இந்த விளையாட்டைப் பற்றி வீட்டில் பேசவே கூச்சமாக இருக்கிறது. பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்பதை ஒழுங்காகச் செய்யாமல், எவ்வளவு வேகமான கார் வேண்டும் என்று நாம் கதைப்பதில் அர்த்தமில்லை. நான் 150 குதிரைவலு போதும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். 280 குதிரைவலுவைப் பாராளுமன்ற வீதியில் இரவு பதினொரு மணிக்கு வைத்துப் பரீட்சிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேகமான கார் தேவையில்லை.

நண்பர்களுக்குள் இப்போது பெரிய சண்டை மின்சாரம் பற்றித்தான். வயதானவர்களுக்கு 4ஜி63இன் சத்தம் இல்லாமல் மிட்சுபிஷி என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்களோடு சேரும் தம்பி ஒருவன் இருக்கிறான், ராஜகிரியவில் மென்பொருள் கம்பனியில் வேலை, அப்பாவின் சீஎஸ்ஸை ஓட்டுகிறான். அவன் கேட்பது மின்சார லான்சர். நாலு சில்லுக்கு நாலு மோட்டார், எவோ டிஃபரன்ஷியலை வைத்து இரும்பில் செய்த வித்தையை மென்பொருளில் பத்து மடங்கு நன்றாகச் செய்யலாம் என்கிறான். அவன் சொல்வது சரி. உலகத்திலேயே அந்தக் கணக்கை நீண்ட காலம் போட்டுப் பார்த்த கம்பனிகளில் மிட்சுபிஷி ஒன்று என்பதால், அவர்கள் மின்சாரத்துக்குப் போனால் மற்றவர்களைவிட நன்றாகவே செய்வார்கள் என்று நானும் நினைக்கிறேன்.

எனக்கு இருக்கும் நிபந்தனை எடைதான். மின்சாரக் கார் என்றதும் எல்லோரும் தரைக்குக் கீழே அரைத் தொன் பற்றரியை வைத்துவிட்டு, அதை மறைக்க இன்னும் பெரிய மோட்டார் போடுகிறார்கள். கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வேலைக்குப் போய் வர ஐந்நூறு கிலோமீற்றர் ஓடும் பற்றரி எதற்கு? சின்னப் பற்றரி போடட்டும், விலையும் இறங்கும். அது பழுதானால் முழுவதையும் கழற்றி எறியாமல், செத்த துண்டை மட்டும் மாற்ற விடட்டும். நிசான் லீஃப் மின்சாரக் கார்களின் பற்றரியைப் பிரித்துத் திருத்தும் ஆட்கள் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள், கற்றுக்கொள்வார்கள்.

போன ஞாயிறு சுதந்திர சதுக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டே இதை அந்தத் தம்பியிடம் விளக்கமாகச் சொன்னேன். பாரம் குறைவு, பற்றரி சின்னது, விலை கைக்கு அடக்கம், மூலைக் கராஜில் திருத்தலாம், ஒடுக்கமான ஒழுங்கையிலும் சட்டென்று திரும்பும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, நீங்க கேட்கிறது லான்சர் இல்ல. மின்சார ஓட்டோ. அது இப்பவே விக்கிறாங்க."

நான்காவது சில்லு ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.